பென்சிலில் எழுதிய பெயர்

உங்களில் யாராவது திருவிருந்துப் பதிவேட்டில் பென்சிலால் எழுதுகிறவர்களாக இருந்தால், இதைப் படித்து முடித்ததும் அந்தப் பென்சிலைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். படம் வரையவாவது உதவும்.

இந்த ஆண்டு ஆயர்களாக அபிஷேகம் பெற்று முதல் சபைக்குப் போகப்போகும் நீங்கள், ஊழியத்தில் நான் செய்த தவறு ஒன்றை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றா இருக்கிறது? கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பதில் அவன் தம்பியின் பெயரைச் சொன்னேன். அசன விருந்தன்று மழை வராது என்று அடித்துச் சொல்லிப் பந்தல் போடவிடாமல் செய்தேன். சபை மக்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். இது அந்த வகையில் சேராது. இதில் ஒரு மனிதர் செத்துப்போயிருப்பார்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நான் உங்கள் வயதில் இருந்தபோது நடந்ததல்ல. அப்போது எனக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். மனிதன் தன் செயல்களால் அல்ல, கிறிஸ்துவின்மேல் வைக்கும் விசுவாசத்தினாலேயே கடவுளுக்கு முன்பாக நீதிமானாக்கப்படுகிறான் என்ற உபதேசத்தை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்று தலைப்புகளில் சொல்லிவிடுவேன். சொல்லி முடித்துவிட்டு, அதே ஆராதனையின் அறிவிப்பு நேரத்தில், ஆலயத்தைப் பெருக்க முறை வந்தும் வராமல் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாட்டுதான் இருக்கும். அது எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை.

ஆலங்குடிப் பக்கம் ஒரு சிறிய சபை. மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து. அங்கே ஒரு பழைய வழக்கம் விடாமல் இருந்தது. திருவிருந்தில் பங்கெடுக்க விரும்புகிறவர்கள் முந்தின நாள் சனிக்கிழமை மாலை ஆயரிடம் வந்து பெயர் கொடுக்க வேண்டும், அவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் என்று தெரிந்தால் அப்பம் எடுத்துவைக்க வசதி. அதோடு, யாருடனாவது மனத்தாங்கல் இருந்தால் விடிவதற்குள் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ள ஓர் இடைவெளியும் கிடைக்கும். பெயர் கொடுக்க வருகிற சாக்கில் மனிதர்கள் பேசுவார்கள். எந்த வீட்டில் என்ன குமைகிறது என்று எனக்கு அந்தச் சனிக்கிழமைகளில்தான் தெரியும். நல்ல வழக்கம்தான், அதைக் குறைசொல்லவில்லை.

நான் அந்தச் சபைக்குப் போன முதல் மாதம் வரிசையின் கடைசியில் ஞானராஜ் என்பவர் வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது, ஒடிசலான உடம்பு, வேன் டிரைவர். பெயரைச் சொன்னார், எழுதினேன். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, நான் பல்கூடத் துலக்கவில்லை, வாசல் கேட்டில் நிற்கிறார்.

"ஐயா, எம் பேர அடிச்சிருங்க."

"ஏன், என்ன ஆச்சு?"

"இந்த மாசம் வேணாங்கய்யா."

அடுத்த மாதமும் அதேதான். சனிக்கிழமை மாலை பெயர், ஞாயிறு விடிந்ததும் அடித்தல். ஆராதனைக்கு வருவார். எல்லோரும் பீடத்துக்கு முன் முழங்கால் போடும்போது அவர் மட்டும் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். மூன்று மாதம் பார்த்தேன். பதிவேட்டில் அவர் பெயர் வருகிற இடமெல்லாம் ஒரு கோடு. ஆண்டுக்கொருமுறை மேலிடத்திலிருந்து வந்து பதிவேடுகளைப் பார்ப்பார்கள், எனக்குப் பதிவேடு சுத்தமாக இருக்க வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து அவர் பெயரை மட்டும் பென்சிலால் எழுத ஆரம்பித்தேன். காலையில் ரப்பரை எடுத்து அழித்துவிடலாம். அவருக்கும் சங்கடமில்லை, நோட்டுக்கும் அசிங்கமில்லை என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை வரிசை முடிந்த பிறகு, அவரை உட்காரவைத்து விடாமல் கேட்டேன். கையிலிருந்த துண்டை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

அதற்கு நான்கு வருடம் முன்பு அவர் மீன் லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கோட்டைப்பட்டினத்தில் மீன் ஏற்றி, ஆலங்குடியில் பாதியை இறக்கிவிட்டு, ஐஸ் உருகுவதற்குள் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு விடியற்காலை திருவரங்குளத்துக்குப் பக்கத்தில், பால்கேனைக் கட்டிக்கொண்டு டிவிஎஸ்ஸில் போன ஓர் இளைஞன்மேல் வேன் ஏறிவிட்டது. பெயர் முருகேசன். அம்மாவும் அவனும் மட்டும் இருந்த வீடு. அவன் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

"கேசு முடிஞ்சிருச்சுங்கய்யா. சாட்சி சரியில்லன்னு விட்டுட்டாங்க. வண்டி குறுக்க வந்திருச்சுன்னு நான் எழுதிக் குடுத்திருந்தேன். குறுக்க வரலங்கய்யா. அவன் ஓரமாத்தான் போனான். நான் தூங்கிட்டேன்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எஸ்தருக்குத் தெரியும். இப்ப ஒங்களுக்கு." எஸ்தர் அவர் மனைவி. "ஆண்டவர் நம்மள விடுதலைன்னு தீர்ப்புச் சொல்லிட்டாருன்னு நீங்க பிரசங்கத்துல சொல்றீங்க. கோர்ட்டுல ஜட்ஜும் அதேதான் சொன்னாரு. வெளிய வந்து ஒரு டீ வாங்கினேன், தொண்டையில எறங்கல. அந்த மாதிரி விடுதலை எனக்கு வேணாங்கய்யா. நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

ஒரு மனிதர் உங்கள் முன் உட்கார்ந்து, நீங்கள் வாழ்நாளெல்லாம் பிரசங்கித்த ஒன்றைக் காட்டி, இது எனக்குச் செல்லுமா என்று கேட்கும் நேரம் எப்போதாவதுதான் வரும். எனக்கு வந்தது. நான் பயந்துவிட்டேன். ஒரு பிள்ளை செத்திருக்கிறான், அதன்மேல் ஒரு பொய்யும் இருக்கிறது. இவ்வளவு பெரிய காரியத்துக்கு, கிறிஸ்து உனக்காக மரித்தார், அதை நம்பு, போதும் என்று சொல்வது ரொம்ப மலிவாகத் தோன்றியது. கூட ஏதாவது சேர்த்துக் கொடுத்தால்தான் கனமாக இருக்கும் என்று நினைத்தேன்.

அதனால் இப்படிச் சொன்னேன்: "மாசத்துல ஒரு நாள் அந்த அம்மா வீட்டுக்குப் போங்க. ஒங்களால முடிஞ்ச வேலையச் செஞ்சு குடுங்க. ஒரு மூணு வருசம் செஞ்சு பாருங்க. ஆண்டவர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு."

ஏன் மூன்று வருடம் என்று நீங்கள் கேட்கலாம். அந்தச் சபையில் எனக்கு இன்னும் மூன்று வருடப் பணிக்காலம் இருந்தது. வேறு காரணம் எனக்கே தெரியவில்லை.

அவர் முகம் தெளிந்துவிட்டது. மருந்துச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டவர்போல எழுந்து போனார். அந்தத் தெளிவைப் பார்த்து நானும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று நம்பிவிட்டேன். ஆயர்கள் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் இதை ஒரு நல்ல முன்மாதிரியாகக்கூடப் பேசினேன். கைதட்டினார்கள்.

ஞானராஜ் ஒரு மாதமும் தவறவில்லை. முதல் சனிக்கிழமை காலை திருவரங்குளம் போவார். மாட்டுக்கொட்டகையைக் கூட்டி, சாணி அள்ளி, வேலியைச் சரிபண்ணி, புல் அறுத்துப் போட்டுவிட்டு, மாலையில் நேராக என்னிடம் வந்து பெயர் கொடுப்பார். நான் பென்சிலை எடுப்பேன். ஞாயிறு விடிந்தால் கேட்டில் நிற்பார்.

"நேத்து வேலை முடிச்சிட்டு வரையில சரியாயிருச்சுன்னுதான் இருந்துச்சுங்கய்யா. காலையில முழிச்சுப் பாத்தா இல்ல. அழிச்சிருங்க."

இரண்டு வருடம் நான்கு மாதம் இப்படியே போனது. அத்தனை முறையும் நான் ரப்பரைத் தேடினேனே தவிர, மருந்து வேலை செய்யவில்லையே என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, பார்ப்போம் என்றுதான் இருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும், எஸ்தர் போன் செய்தார். தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையிலிருந்து பேசினார். முந்தின நாள் நெஞ்சுவலி வந்து ஞானராஜை அங்கே சேர்த்திருக்கிறார்கள்.

"நெஞ்சுல மூணு எடத்துல அடைப்பாம் ஐயா. நாளைக்குக் காலையில ஆபரேசன்னு சொல்றாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போடணுமாம். இவரு போட மாட்டேங்கிறாரு. வீட்டுக்குப் போறேன்னு சட்டைய மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு."

"ஆபரேஷன்னதும் பயந்துட்டாரா?"

"அதுக்குப் பயமில்லங்கய்யா. மேசையிலயே செத்துப்போனா பாதியில நின்னுரும்ங்கிறாரு. எட்டு மாசம் பாக்கி இருக்காம், அதை முடிச்சிட்டு வந்து படுக்கிறேங்கிறாரு. எட்டு நாள் தாங்குறதே கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு. எட்டு மாசம்னா என்னான்னு எனக்கு வெளங்கல. கேட்டா, ஐயாகிட்டக் கேளுங்கிறாரு."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு எண்ணுக்காக ஒரு மனிதர் சாகத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

என்ன செய்தேன் என்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். அப்போதும் எனக்கு அந்த உபதேசம் நினைவுக்கு வரவில்லை. எட்டு மாதத்தை எப்படித் தள்ளுபடி செய்யலாம் என்றுதான் மூளை ஓடியது. முருகேசனின் அம்மாவைப் பார்த்து, "செய்தது போதும், மிச்சத்தை விட்டுவிட்டேன்" என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போனால் அவர் கையெழுத்துப் போடுவார் என்று கணக்கிட்டேன். திருவிருந்துப் பையையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டேன். நோயாளிகளுக்குக் கொடுக்கும் திருவிருந்தும் அதே நோட்டில்தான் ஏற வேண்டும் என்பதால் எங்கே போனாலும் அது என்னுடன் வரும். ஸ்கூட்டரை எடுத்தேன்.

திருவரங்குளத்தில் அழகம்மாள் வீடு எது என்று கேட்டுத்தான் போக வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக ஒருவரை மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்த வீட்டுக்கு நான் ஒருநாள்கூடப் போனதில்லை. கோயில் தாண்டி ஒரு ஓட்டுவீடு, பக்கத்தில் கொட்டகை, இரண்டு பசுக்கள், ஒரு கன்று. அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா புல்லுக்கட்டோடு வந்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னேன். ஞானராஜின் நிலையைச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்மா. ரெண்டு வருசம் நாலு மாசம் செஞ்சது போதும், மிச்சத்தை விட்டுட்டேன்னு."

அவர் கட்டை இறக்கிவைத்தார். "எந்த மிச்சம்?"

மூன்று வருடத்தை விளக்கிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப நீங்கதான் அனுப்புனீங்களா? அந்த மனுசன் மனசு பேதலிச்சு அவராத்தான் வாராருன்னுல்ல நான் நெனச்சேன்."

"நான்தாம்மா அனுப்பினேன்."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். "அந்தக் கொட்டகை எம் மகன் நின்ன கொட்டகை. அவன் சாணி அள்ளுன கூடையில இவரு அள்ளுறாரு. மாசம் பொறந்து முதச் சனி வந்தா, அன்னைக்குத்தான் அவன் செத்த மாதிரி இருக்கும் எனக்கு. பாக்கச் சகிக்காம மக வீட்டுக்குப் போயிருவேன். சாயங்காலம் வந்து பாத்தா எல்லாம் கூட்டிப் பெருக்கி அவன் வச்சிருந்த மாதிரியே இருக்கும். அங்கனயே உக்காந்து அழுவேன். ஒங்க சாமி இதைத்தான் கேக்குதா?"

"இல்லம்மா," என்றேன். "நான்தான் கேட்டேன்."

இருபத்திரண்டு வருடப் பிரசங்கத்தில் அவ்வளவு சுருக்கமாக நான் ஓர் உண்மையைச் சொன்னதில்லை. அழகம்மாள் என்னை உட்காரச் சொன்னார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"நான் அவரை எப்பவோ விட்டுட்டேன் ஐயா. கேசு நடக்கையிலயே விட்டுட்டேன். எம் மருமகனும் லாரி ஓட்டுறவன்தான். கண்ணு முழிச்சு ஓட்டுற பொழப்பு எனக்குத் தெரியாதா?"

"அவரு கோர்ட்டுல..." என்று இழுத்தேன்.

"தூங்கிட்டாரு. அதானே? பிரேக்குப் போட்ட தடமே ரோட்டுல இல்லன்னு அன்னைக்கே ஊர்ல பேசிக்கிட்டாங்க. நான் ஏமாந்துபோயி விடலை. தெரிஞ்சேதான் விட்டேன்."

"இதை அவருகிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்ல எங்க விட்டாரு? வரையிலயே தலையக் குனிஞ்சுக்கிட்டுக் கூடையத் தூக்கிருவாரு. மூஞ்சியப் பாத்தாத்தானே சொல்லலாம். அப்புறம் போகப் போக நான் வீட்டுல இருக்கிறதையே விட்டுட்டேன்." புல்லுக்கட்டை மறுபடி எடுத்துக்கொண்டார். "நீங்க போயிச் சொல்லுங்க. இனிமே வேலைக்கு வரவேணாம்னு சொல்லுங்க. பொழைச்சு எந்திரிச்சு, வந்தா மனுசரா வந்து உக்காரச் சொல்லுங்க."

புதுக்கோட்டையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுத் தஞ்சாவூர் பஸ் ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான், ஞானராஜ் முதல் நாளே என்னிடம் சொன்னது எனக்கு உறைத்தது. கோர்ட் அவரை விட்டதற்குக் காரணம் அதற்கு உண்மை தெரியாததுதான். அதனால் கடவுள் விடுதலை என்று சொன்னாலும், அவரும் சரியாகப் பார்க்காமல் சொல்லிவிட்டார், பார்த்தால் தீர்ப்பை மாற்றிவிடுவார் என்று இவர் பயந்தார். கடவுள் மாற்றுவதற்கு முன் தன் பெயரைத் தானே எடுத்துவிடலாம் என்றுதான் முதல் ஞாயிறுதோறும் விடியலில் வந்து நின்றார். எனக்கோ அந்த விடுதலை மலிவாகத் தெரிந்தது. அதற்காகக் கிறிஸ்து சிலுவையில் சுமந்ததை மறந்துவிட்டு, வாங்குகிறவர் கை வெறுமையாக இருக்கிறதே என்பதை மட்டும் நான் பார்த்திருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்னை இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். வாய்விட்டு ஏதோ பேசியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நான் வார்டுக்குள் போனபோது மணி நாலு. ஞானராஜ் சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் அழுது ஓய்ந்து சுவரோரம் நின்றார்.

"ஐயா வந்துட்டீங்களா. நீங்களே சொல்லுங்க. இன்னும் எட்டு மாசம் இருக்குல்ல?"

"இல்ல, ஞானராஜ். அந்த மூணு வருசம் ஆண்டவர் சொன்னதில்ல. நான் சொன்னது. நான் சொன்னது தப்பு."

அவர் என்னையே பார்த்தார். "அப்ப இதுவரைக்கும் செஞ்சது?"

அவரைச் சமாதானப்படுத்த, அதெல்லாம் வீணாகாது, ஆண்டவர் குறித்துவைத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அவர் மிச்சத்தையும் செய்யப் போயிருப்பார்.

"அதுனால நீங்க ஒரு அடிகூட அவருகிட்ட நெருங்கல. அந்த அம்மாவுக்கும் அது வேதனைதான். மூணு வருசம் இல்ல, முப்பது வருசம் செஞ்சாலும் முருகேசன் எந்திரிச்சு வரமாட்டான்."

எஸ்தர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். ஞானராஜின் கண்கள் நிறைந்துவிட்டன. அழகம்மாள் சொன்னதை அப்படியே சொன்னேன். பிரேக் தடம் இல்லாததைச் சொன்னேன். தெரிஞ்சேதான் விட்டேன் என்றதைச் சொன்னேன்.

"தெரியுமா? அவங்களுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். ஒரு மனுசிக்கே தெரிஞ்சு விட முடிஞ்சிருக்கு. கோர்ட்டு தெரியாம விட்டுச்சு, அது ஒங்களுக்கு எறங்கல, சரிதான். ஆண்டவர் தெரியாம விடலை. நீங்க தூங்கினது, பொய் எழுதிக் குடுத்தது எல்லாத்தையும் தெரிஞ்சுதான், அந்தத் தண்டனைய கிறிஸ்து தம் மேல எடுத்துக்கிட்டாரு. இனி அவரு புதுசாக் கண்டுபுடிக்க ஒங்ககிட்ட ஒண்ணுமில்ல. ஒங்களை நீதிமான்னு அவரு சொல்றது அதை வச்சுத்தான். நீங்க கூட்டிப் பெருக்கினதை வச்சு இல்ல."

நர்ஸ் ஒரு தாளும் பேனாவுமாக வந்து நின்று, எங்களைப் பார்த்துவிட்டுச் சற்றுத் தள்ளிக் காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் நாலு நாற்பது.

"நம்பணும்போலத்தான் இருக்கு," என்றார் ஞானராஜ் மெதுவாக. "ஆனா ஐயாவே நம்பலையே. எல்லாரு பேரையும் பேனாவுல எழுதுறீங்க. எம் பேரை மட்டும் பென்சில்ல எழுதுறீங்க."

அவர் குற்றம் சாட்டவில்லை. பார்த்ததைச் சொன்னார். இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் தலைகீழாகவும் படிப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிரசங்க மேடையிலிருந்து நான் ஒன்று சொல்ல, என் கை மாதாமாதம் அவருக்கு வேறொன்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பையிலிருந்து பதிவேட்டை எடுத்தேன். நர்ஸிடம் பேனாவைக் கேட்டு வாங்கினேன். செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் பெயர் கொடுக்கவில்லை, விதிப்படி செல்லாது. அவர் பார்க்கும்படி நோட்டைக் கட்டில்மேல் வைத்து, அழுத்தி எழுதினேன். ஞானராஜ். இரண்டு முறை கோடு போட்டதுபோல மை ஊறியது.

"நாளைக்குக் காலையில வந்து அழிக்கச் சொன்னாலும் முடியாது," என்றேன். "ரப்பருக்குப் போகாது."

அவர் அந்த எழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் விரலில் ஒட்டியது. சட்டையில் துடைக்கப் போனவர் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி, "பேனாவ குடுங்கம்மா," என்று நர்ஸைக் கேட்டார். பேனா என் கையில்தான் இருந்தது. கொடுத்தேன். தாளில் கையெழுத்துப் போட்டார்.

கட்டிலோரத்திலேயே திருவிருந்து கொடுத்தேன். ஆறு வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அவர் வாங்கிய அப்பம் அது. எஸ்தரும் வாங்கினார். நானும் வாங்கினேன், அன்றைக்கு அவர்களுக்குக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் ஆபரேஷன் முடிய மதியமாகிவிட்டது. எஸ்தரும் நானும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வந்து, "நல்லா இருக்காரு" என்று இரண்டே சொல்லில் சொல்லிவிட்டுப் போனார். எஸ்தர்தான் எனக்குக் காபி வாங்கிவந்தார். என் ஊழியத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை. அவர் பிழைத்தது ஒரு பாதி. மறுபாதி எனக்கானது. சபை மக்களை நல்லவர்களாக்கும் பொறுப்பை இத்தனை வருடம் நானே தூக்கிச் சுமந்திருக்கிறேன், அது என் தலையில் வைக்கப்பட்டதே இல்லை என்று அந்தப் பெஞ்சில்தான் தெரிந்தது.

இப்படிச் சும்மா கொடுத்துவிட்டால் ஆட்கள் பொறுப்பில்லாமல் போய்விட மாட்டார்களா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் அதைத்தான் பயந்தேன். மூன்று மாதம் கழித்து, நடக்க அனுமதி கிடைத்ததும், யாரும் சொல்லாமலே ஞானராஜ் திருவரங்குளம் போனார். அழகம்மாளுக்கு எதிரில் உட்கார்ந்து, முதல்முறையாக முகத்தைப் பார்த்து, "நான் தூங்கிட்டேம்மா" என்றார். "தெரியும், காபி ஆறுது, குடிங்க" என்றாராம் அவர். அதற்குப் பிறகு கோட்டைப்பட்டினம் போய், மீன் லோடு ஏற்றுகிற டிரைவர்களிடம் தன் கதையைத் தானே சொல்ல ஆரம்பித்தார். "கண்ணு சொருகுனா ஓரங்கட்டித் தூங்கு, மீனு நாறுனா நாறட்டும்" என்பார். முதலாளிமார் திட்டியிருக்கிறார்கள். கேட்கவில்லை. செய்ய வேண்டியதை நானே பட்டியல் போட்டிருந்தால் இதெல்லாம் எனக்குத் தோன்றியே இருக்காது.

அவர் திருவரங்குளம் போய்வந்த மாதத்துத் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை, வரிசையில் வந்து பெயர் கொடுத்தார். பேனாவால் எழுதினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் பொய். ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கேட் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர்தான். எல்லாம் மறுபடி முதலிலிருந்தா என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

என் முகத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அழிக்க வரலங்கய்யா. முதல் ஞாயிறு விடிஞ்சா காலு தானா இங்கிட்டு வந்திருது. கேட்டைத் தொறந்த பெறகுதான் எதுக்கு வந்தோம்னு யோசிச்சேன்."

"எதுக்கு வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல," என்றார். "டீ இருந்தாக் குடுங்க."

குடித்துவிட்டு, ஆலய மணியை இன்றைக்குத் தானே அடிக்கட்டுமா என்று கேட்டார். நெஞ்சைத் திறந்து தைத்து மூன்று மாதம்தான் ஆகிறது, பேசாமல் உட்காருங்கள் என்று சொன்னேன். உட்கார்ந்தார்.